நைனாவுக்கு தெரியாதுன்னு நீங்க நெனைக்கிறீங்க

கேள்வி:

அக்கா, நாங்க தண்டையார்பேட்டை. எங்க நைனாவுக்கு 62 வயசு, நாப்பது வருஷமா லேத் பட்டறையில வேல பாத்தவரு. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வயித்துல கேன்சர், ஈரலுக்கும் பரவிடுச்சு, ஸ்டேஜ் நாலுன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ண முடியாது, கீமோ குடுத்துப் பாக்கலாம்னாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ், அப்புறம் ரெண்டு வாரம் மாத்திர, இப்படி அஞ்சு முடிஞ்சிருக்கு. நைனாகிட்ட அல்சர் முத்திடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம், உண்மைய சொன்னா ஒடஞ்சிடுவாருன்னு சித்தப்பாவும் தம்பியும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. சாப்பிடவே மாட்டேன்றாரு, அம்மா அழுதுகினே ஊட்டுறாங்க, அவரு தட்ட தள்ளி வுடுறாரு. ராத்திரில வலியில பொரண்டு பொரண்டு படுக்குறாரு, கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. மார்பின் எழுதித் தரட்டுமான்னு டாக்டர் கேட்டாரு, அது கடைசி நேரத்துக்குன்னு நாங்க வேணாம்னுட்டோம். அடுத்த வாரம் ஸ்கேன் பாத்துட்டு மருந்த மாத்தணுமான்னு முடிவு பண்ணுவாங்களாம். கீமோவ தொடரணுமா, நைனாகிட்ட சொல்லணுமா, நான் வேலைய வுட்டுட்டு கூடவே இருக்கணுமா, ஒண்ணுமே புரியல. நைனா கேரம் கிளப்புக்கு போயி மூணு மாசம் ஆவுது. போன வாரம் தண்ணி பாட்டில் கையில இருந்து நழுவி விழுந்துடுச்சு, விரல் மரத்துப்போவுதுன்றாரு.

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டர்ல பெரிய பெரிய கேள்வியா மூணு இருக்கு, ஆனா நான் நின்னுட்டது நீங்க போற போக்குல கடைசியா எழுதுன அந்த வரியில. பாட்டில் நழுவுச்சு, விரல் மரத்துப்போவுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூணு வாரத்துக்கு ஒருக்கா ட்ரிப்ஸ், நடுவுல மாத்திரன்னு நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அனேகமா ஆக்ஸாலிப்ளாட்டினும் கேப்சிடபைனும்தான் போய்க்கிட்டிருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியில பேரு போட்டிருப்பாங்க, ஒரு தடவ எடுத்துப் பாருங்க. ஆக்ஸாலிப்ளாட்டின் நரம்புல கை வைக்கிற மருந்து. ட்ரிப்ஸ் போட்ட மொத நாலஞ்சு நாள் ஜில்லுனு எதத் தொட்டாலும் ஊசி குத்துற மாதிரி சுருக்குனு இருக்கும், பிரிட்ஜ் தண்ணி குடிச்சா தொண்டையே அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கும், அது கொஞ்ச நாள்ல போயிடும். ஆனா கீமோ எண்ணிக்கை ஏற ஏற விரல் நுனி மரத்துப்போயி பட்டன் போட முடியாம, பொருள் கையில நிக்காம போறது வேற, அது தங்கிடக் கூடியது, மருந்த நிறுத்தி மாசக்கணக்கானாலும் சில பேருக்கு முழுசா திரும்புறதில்ல. இத டாக்டர்கிட்ட சொன்னா டோஸ கொறைப்பாங்க, இல்ல அந்த ஒரு மருந்த மட்டும் நிறுத்திட்டு மத்தத தொடருவாங்க, வழி இருக்கு. ஆனா யாரு சொல்லுவா? அல்சருக்கு ட்ரிப்ஸ் ஏத்துறாங்கன்னு நம்பிக்கிட்டிருக்குற மனுஷன் விரல் மரத்துப்போறத எதுக்குப் போயி வயித்து டாக்டர்கிட்ட சொல்லப்போறாரு, வயசாயிடுச்சு போலன்னு நெனைச்சுக்கிட்டு பாட்டில ரெண்டு கையால புடிச்சுக்குவாரு, அவ்ளோதான்.

நாப்பது வருஷம் லேத்துல நின்ன கை அது. அரை நூல் வித்தியாசத்த ஸ்கேல் வைக்காம தடவிப் பாத்தே சொல்ற விரலு. சாயந்தரம் ஆனா அதே விரல வச்சு ஸ்ட்ரைக்கர் அடிக்கிறவரு. அவருக்கு ரெண்டு மாசம் கூட கெடைக்கிறது பெருசா, இல்ல இருக்குற நாள்ல விரலு விரலா இருக்கிறது பெருசான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அந்த கீமோ டாக்டருக்கு சத்தியமா தெரியாது. கீமோவ தொடரணுமான்னு என்னைக் கேக்குறீங்க, சித்தப்பாவக் கேக்குறீங்க, தம்பியக் கேக்குறீங்க, ஒடம்பு யாருதோ அவர ஒருத்தர மட்டும் இன்னும் கேக்கல. நான் இந்தப் பதில் முழுக்க சொல்லப்போறது இந்த ஒண்ணத்தான், நைனாவக் கேளுங்க. மார்பின் வேணுமா வேணாமான்னு கேட்டப்ப வேணாம்னது கூட நைனா இல்லையே தங்கச்சி, நீங்கதானே.

அவருக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க நெனைக்கிறீங்க. நான் பதினெட்டு வருஷமா ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடா போயி இந்த மாதிரி நோயாளிகளப் பாக்குற நர்ஸு. வீட்டு வாசல்லயே மகனோ மருமகளோ என்னை ஓரமா இழுத்து, சிஸ்டர், அவருக்கு ஒண்ணும் தெரியாது, கேன்சர்ன்ற வார்த்தைய மட்டும் எடுத்துடாதீங்கன்னு சொல்லுவாங்க. உள்ள போயி நான் தனியா உக்காந்து பத்து நிமிஷம் ஆகுறதுக்குள்ள அவரு என் கையப் புடிச்சு, சிஸ்டர், எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும், புள்ளைங்களுக்குத் தெரியாத மாதிரி இருந்துக்குங்க, தாங்க மாட்டாங்கன்னு சொல்லுவாரு. எத்தன வீட்டுல கேட்டிருக்கேன் இத. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நடிச்சுக்கிட்டு, ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துறதா நெனைச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு மூலையில தனியா அழுதுக்கிட்டிருப்பாங்க. உங்க நைனாவ எடுத்துக்குங்க, அஞ்சு தடவ கீமோ ஹால்ல நாள் முழுக்க உக்காந்திருக்காரு, பக்கத்து நாற்காலியில முடி கொட்டுனவங்க, எதுத்தாப்புல கழுத்துல கட்டு போட்டவங்க, அங்க ஒருத்தருக்கொருத்தர் மொதல்ல கேட்டுக்குறதே உங்களுக்கு எங்கன்னுதான். வாசல்ல போர்டு இருக்கு. மெஷின் முன்னாடி நின்னு வேல பாத்த மனுஷன், அல்சருக்கு மாசக்கணக்கா ட்ரிப்ஸ் ஏத்துவாங்களான்னு ஒரு தடவ கூட யோசிச்சிருக்க மாட்டாரா?

என் வீட்டுக் கதைய ஒண்ணு சொல்லிடுறேன். எங்கம்மாவுக்கு மார்புல வந்து எலும்புக்குப் பரவுனப்ப நான் நர்ஸ் வேலையில சேந்து அஞ்சாறு வருஷம் ஆயிருந்துச்சு. மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்குற நானே எங்கம்மாகிட்ட வாயு கட்டி, எலும்புத் தேய்மானம்னு சொல்லி வச்சிருந்தேன். எங்கம்மா தெருவுல சீட்டு புடிக்கிறவங்க, இருவது இருவத்தஞ்சு பேரு, மாசா மாசம் வசூல். அந்த வருஷம் ஓடிக்கிட்டிருந்த சீட்ட முடிச்சாங்க, யாரு யாருக்கு எவ்ளோ தரணுமோ ஒரு ரூபா மிச்சம் வைக்காம குடுத்தாங்க, புதுசா சீட்டு ஆரம்பிக்கவே இல்ல. ஒடம்பு முடியலல்ல, அதான் வுட்டுட்டாங்கன்னு நாங்க பேசிக்கிட்டோம். அவங்க போயி பதினாறாம் நாள் முடிஞ்சு பீரோவ ஒதுக்கும்போது சீட்டு நோட்டு கெடச்சுது, கடைசிப் பக்கத்துல எல்லா பேருக்கும் நேரா தீந்ததுன்னு எழுதி கோடு போட்டிருந்தாங்க, தேதி பாத்தா நாங்க எலும்புத் தேய்மானம்னு சொன்னதுக்கு அடுத்த வாரம். அந்த ஆறு மாசம் எங்கம்மா என்ன நெனைச்சாங்க, எதுக்குப் பயந்தாங்க, யார பாக்கணும்னு இருந்துச்சு, எனக்குத் தெரியவே தெரியாது. கேக்குற எடத்துல நானே பூட்டு போட்டு வச்சிருந்தேன்.

இப்ப எப்படி சொல்றதுன்றதுக்கு வர்றேன். உக்கார வச்சு, நைனா உங்களுக்கு கேன்சரு, நாலாவது ஸ்டேஜுன்னு போட்டு ஒடைக்கச் சொல்லல, அப்படி யாரும் பண்ணாதீங்க. மொதல்ல சித்தப்பாவையும் தம்பியையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, சொல்லலாமா வேணாமான்னு வீட்டுல சண்ட போடாம டாக்டர் முன்னாடி பேசுங்க. அடுத்த மருந்து குடுக்கணும்னா நோயாளியோட சம்மதம் வேணும், அவருக்கு எதுக்குன்னே தெரியாம எப்படி சம்மதிப்பாருன்னு டாக்டரே எடுத்து சொன்னா சித்தப்பா கேப்பாரு. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல, அண்ணன் அழுது பாத்திருக்க மாட்டாரு, அதான் பயம், அவர எதிரியா பாக்காதீங்க.

அப்புறம் நைனாகிட்ட. நல்ல நேரமா பாத்து, வலி கொஞ்சம் அடங்குன நேரத்துல, அம்மா கொழா தண்ணி புடிக்கவோ கோயிலுக்கோ போயிருக்கும்போது பக்கத்துல உக்காருங்க. சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க. டாக்டர் என்ன சொல்லிக்கிட்டிருக்காருன்னு நீ நெனைக்கிற நைனா? அப்படின்னு கேட்டுட்டு வாய மூடிக்குங்க. இதுதான் ரொம்ப கஷ்டம், அந்த அமைதிய தாங்க முடியாம நாம ஏதாவது பேசிடுவோம், பேசாதீங்க, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் ஆகட்டும். அவரு அல்சர்தானேன்னு சொல்லலாம், என்னமோ பெருசா இருக்குற மாதிரி தெரியுதுன்னு சொல்லலாம், எல்லாம் தெரியும் வுடுன்னு சொல்லலாம். ரெண்டாவது கேள்வி, ரிப்போர்ட்ல இருக்குறது எல்லாம் உனக்கு தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா? தெரிஞ்சுக்கணும்னா, கொஞ்சம் கொஞ்சமா. அல்சர்னு நாங்க சொன்னது முழு உண்மை இல்ல நைனா, அது கட்டி, கேன்சர் கட்டி, ஈரல்லயும் இருக்கு, அதுக்குத்தான் இந்த ட்ரிப்ஸ். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நிறுத்தி அவரு மூஞ்சியப் பாருங்க, போதும்னு கைய காட்டுனா போதும். அவரு அழுதா நீங்களும் சேந்து அழுங்க, அழக்கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல.

சில பேரு, நீயே பாத்துக்கமா, எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்னுடுவாங்க. அதுவும் அவரு எடுத்த முடிவுதான், மதிங்க, பலவந்தமா காதுல ஓதாதீங்க. நீங்க தீர்மானிச்சு மறைக்கிறதும் அவரு வேணாம்னு சொல்லி ஒதுங்கிக்கிறதும் ஒண்ணு இல்ல. ஒரு பத்து நாள் கழிச்சு திரும்ப ஒரு தடவ கேளுங்க, மனசு மாறும்.

நான் செத்துடுவேனான்னு நேரா கேட்டுட்டா என்ன பண்றதுன்னு எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க. அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிடாதீங்க, அதோட அவரு உங்ககிட்ட பேசுறத நிறுத்திடுவாரு. இது முழுசா குணமாகுற நோய் இல்ல நைனா, எவ்ளோ நாள்னு யாராலயும் சொல்ல முடியாது, எதுவா இருந்தாலும் வலியில வுட மாட்டோம், தனியா வுட மாட்டோம். இத சொல்லலாம், இதுல பொய்யும் இல்ல. சொன்னா ஒடஞ்சிடுவாருன்றீங்க, ரெண்டு மூணு நாள் சரியா தூங்க மாட்டாரு, பேச மாட்டாரு, சாப்பாட்ட தள்ளுவாரு, கோவப்படுவாரு. அது நடக்கும், நான் மறைக்கல. ஆனா அதுக்கப்புறம் நான் பாத்த முக்காவாசி பேரு வேலைய ஆரம்பிச்சுடுறாங்க. காசிமேட்டுல ஒருத்தரு, பைபர் படகு வச்சிருந்தவரு, விஷயம் தெரிஞ்ச நாலாவது நாளு பதினோரு வருஷமா பேசாம இருந்த தங்கச்சிய கூட்டியாரச் சொன்னாரு. அந்தம்மா வந்து கால் மாட்டுல உக்காந்து நெத்திலி சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போச்சு, அவ்ளோதான், ரெண்டு பேரும் பெருசா ஒண்ணும் பேசிக்கல.

ஸ்கேன் விஷயம். நாலாவது ஸ்டேஜ் வயித்துக் கேன்சர்ல கீமோ குணப்படுத்துறதுக்கு குடுக்குறது இல்ல, கட்டிய கொஞ்ச நாளைக்கு அடக்கி வைக்கவும் நாள நீட்டவும் தொந்தரவ கொறைக்கவும் குடுக்குறது. இத டாக்டர் சொல்லியிருப்பாரு, நம்ம காதுல விழுந்திருக்காது, கீமோன்னாலே சரியாயிடும்னுதான் விழும். ஸ்கேன் அன்னிக்கு நைனாவையும் உள்ள கூட்டிட்டுப் போயி கேளுங்க, கட்டி சுருங்கியிருக்கா, அப்படியே இருக்கா, வளந்திருக்கா? புது மருந்து போட்டா என்ன கெடைக்கும், என்ன போகும்? போடலன்னா எப்படி பாத்துப்பீங்க? ட்யூமர் சாம்பிள்ல ஹெர் டூன்ற புரதத்துக்கு டெஸ்ட் பாத்தாச்சான்னும் கேளுங்க, அது பாசிட்டிவா இருந்தா கூட சேத்துக் குடுக்க தனி மருந்து இருக்கு. பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, அந்த ரூம்ல அஞ்சு நிமிஷம்தான் கெடைக்கும், டாக்டர் வெளிய நூறு பேர நிக்க வச்சிருப்பாரு. மருந்த நிறுத்தலாம்னு நைனா சொன்னா அது தோத்துப்போறதுன்னு தம்பி நெனைக்கக் கூடாது. தொடரலாம்னு சொன்னா, தெரிஞ்சு சொல்றாரு, தைரியமா தொடருங்க. ஐசியூ, வெண்டிலேட்டர்லாம் வேணுமான்றதையும் நல்லா இருக்குறப்பவே ஒரு வார்த்த கேட்டு வைங்க, எனக்கு இன்ன சிகிச்சை வேணாம்னு ஒருத்தரு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டி வாசல்ல நின்னுக்கிட்டு தம்பி தனியா எடுக்க வேண்டிய முடிவு இல்ல அது.

இப்ப வலி. இதுல நான் கொஞ்சம் கோவமாவே பேசப்போறேன், உங்க மேல இல்ல, மார்பின்னா சாவுன்னு ஊரு முழுக்க பரப்பி வச்சிருக்காங்களே அது மேல. மார்பின் கடைசி ஸ்டேஜுக்கான மருந்து இல்ல, கடுமையான வலிக்கான மருந்து. வலி இன்னிக்கு இருந்தா இன்னிக்கே. டாக்டர் சொன்ன அளவுல வலிக்கு எடுக்குறவங்க போதைக்கு அடிமையாகுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். மார்பின் சாதா மாத்திரைய நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மணி பாத்து குடுக்கணும், வலி வந்த அப்புறம் குடுத்துக்கலாம்னு காத்திருந்தா வலி ஏறிக்கும், அப்புறம் எறக்குறது கஷ்டம். மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், கொஞ்சம் குமட்டும், அது பழகிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, மார்பின் எழுதுற அன்னிக்கே பேதி மருந்தும் எழுதித் தரணும், எழுதலன்னா கேட்டு வாங்குங்க, இத வுட்டுட்டு நாலு நாள் வெளிய போகாம வயிறு கல்லாயி நான் ஓடுன வீடுங்க நெறைய. வீட்டுல சின்னப் புள்ளைங்க இருந்தா பீரோவுல பூட்டி வைங்க. எல்லா மெடிக்கல்லயும் கெடைக்காது, அனுமதி இருக்குற ஆஸ்பத்திரியிலதான் கெடைக்கும். 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்தால ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்கி வைக்கவே பல லைசென்ஸ் வேண்டியிருந்துச்சு, 2014-ல திருத்துன அப்புறம் அது சுலபமாயிடுச்சு. அந்த மருந்த எழுதித் தரட்டுமான்னு டாக்டரே கேட்டிருக்காரு, திரும்பப் போயி வாங்கிக்குங்க.

இன்னொண்ணு, மார்பின் வேணாம்னுட்டு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோபினாக் மாதிரி மாத்திர வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தா இன்னிக்கே நிறுத்துங்க. வயித்துலயே கட்டி இருக்குறவருக்கு, அதுவும் கீமோல ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் எறங்குற நேரத்துல, ரத்தக் கசிவ கெளப்பி வுட்டுடும். அதே மாதிரி சத்துக்குன்னு போலிக் ஆசிட் சேந்த மாத்திரையோ யாரோ குடுத்த லேகியமோ கேக்காம குடுக்காதீங்க, கேப்சிடபைனோட போலிக் ஆசிட் சேந்தா சைட் எபெக்ட் அதிகமாகலாம்.

வலி மருந்து, குமட்டல், தூக்கம், மனசு, இதெல்லாம் பாக்குறதுக்குன்னே இருக்குறதுதான் பாலியேட்டிவ் கேர். கைவிட்டவங்கள அனுப்புற எடம்னு நெனைக்காதீங்க, கீமோ போய்க்கிட்டிருக்கும்போதே கூடவே வாங்கணும். 2010-ல அமெரிக்காவுல பரவுன நுரையீரல் கேன்சர் இருக்குற 151 பேர வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, ஆரம்பத்துல இருந்தே பாலியேட்டிவ் கேர் கெடைச்சவங்க நல்லா இருந்தது மட்டும் இல்ல, கடைசி நேரத்துல கடுமையான சிகிச்சை கொறச்சலா எடுத்தும் மத்தவங்கள விட சராசரியா ரெண்டரை மாசத்துக்கு மேல கூடுதலா உயிரோட இருந்தாங்க. அது வேற கேன்சரு, உங்க நைனாவுக்கும் அப்படியே ஆகும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா வலிய அடக்குனா ஆயுசு கொறையும்ன்ற பயத்த வுட்டுடுங்க. கீமோ குடுக்குற எடத்துலயே வலி நிவாரண கிளினிக் என்னிக்குன்னு கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சாங்கல்ல, அதுல பிபி சுகர் மாத்திர மட்டும்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, வீட்டுக்கே வந்து பாக்குற பாலியேட்டிவ் கேரும் பிசியோதெரபியும் அதுல உண்டு, உங்க ஏரியா கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டர்ல பேர பதிஞ்சு வைங்க. வீட்டுல வச்சுப் பாக்க முடியாத கட்டம் வந்தா மணலி பக்கம் மாத்தூர்ல ஜீவோதயா ஹாஸ்பிஸ் இருக்கு, கேன்சர் நோயாளிகள காசு வாங்காம பாத்துக்குறாங்க. இன்னிக்கு தேவப்படாது, பேரு மட்டும் ஞாபகத்துல இருக்கட்டும்.

சாப்பாடு. அம்மாகிட்ட இத படிச்சுக் காட்டுங்க. அம்மா, அவரு உங்க மேல கோவத்துல தட்ட தள்ளல. வயித்துல கட்டி இருக்குறதால நாலு வாய்லயே நெறஞ்சிடும், கேன்சரே பசிய கொன்னுடும், அதோட கீமோவுல வாய் இரும்பு மாதிரி கசக்கும். இந்த நோய்ல ஒடம்பு சாப்பாட்ட வழக்கம் போல எடுத்துக்காது, அதனால நீங்க எவ்ளோ ஊட்டுனாலும் பழைய மாதிரி எட ஏறாது, ஊட்டாததால அவரு எளைக்கல. இத நீங்க மனசுல போட்டுக்கணும். பெரிய தட்டு வேணாம், தட்டப் பாத்தாலே பயந்துடுவாரு, சின்ன கிண்ணத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு ஸ்பூன் மூணு ஸ்பூன், சாப்பிட்டதும் அர மணி நேரம் படுக்க வைக்காம சாஞ்சு உக்கார வைங்க. மீன் கொழம்பு கொதிக்கிற வாடையே வாந்தி வர வைக்கும், சமைக்கும்போது அவர வெளிய திண்ணையில உக்கார வைங்க, ஆறுன சாப்பாட்டுல வாடை கம்மி. கேழ்வரகு கூழு, இடியாப்பம் பால் ஊத்தி, அவிச்ச முட்டை, மோர், அவருக்கு எது எறங்குதோ அது. சில்வர் ஸ்பூன் கசந்தா பிளாஸ்டிக் ஸ்பூன் குடுத்துப் பாருங்க. ஒரு வேளைக்கு வேணாம்னா வேணாம், பக்கத்துல உக்காந்து ரேடியோ கேளுங்க. முப்பது வருஷத்துக்கு மேல அவருக்கு சோறு போட்ட கைங்க உங்க கை, அது சும்மா இருக்குறது உங்களுக்கு எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியும், அந்தக் கையால காலுக்கு தேங்காண்ண தடவி வுடுங்க, கேப்சிடபைன் மாத்திரையால உள்ளங்கை உள்ளங்கால் செவந்து தோல் உரியும், அதுக்கும் நல்லது. வாந்தி நிக்காம தண்ணி கூட எறங்கலன்னா மட்டும் அது வேற, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

காய்ச்சல் விஷயத்துல விளையாடாதீங்க. இன்னிக்கே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. கீமோ போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ள அணு எறங்கும், அந்த நேரத்துல 100.4 டிகிரி தாண்டுனா பாராசிட்டமால் போட்டு காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, நடு ராத்திரியா இருந்தாலும் 108 கூப்பிட்டு எமர்ஜென்சிக்கு போயி கீமோல இருக்குறவருன்னு வாசல்லயே மொத வார்த்தையா சொல்லுங்க. ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பா மலம், கண்ணு மஞ்சளாகுறது, திடீர்னு ஆள் தெரியாம பேசுறது, இதுங்களுக்கும் அதே அவசரம்தான்.

வேலைய வுடணுமான்னு கேட்டீங்க. இப்ப வுடாதீங்க. முழுசா கூட இருக்க வேண்டிய நாள் ஒண்ணு வரும், லீவ அதுக்கு சேத்து வைங்க, கீமோ அன்னிக்கும் அதுக்கு அடுத்த ரெண்டு நாளும் மட்டும் எடுங்க. தம்பி சொல்லக் கூடாதுன்னு பேசுறதோட நின்னுக்கிட்டா பத்தாது, வாரத்துல ரெண்டு ராத்திரி அவனும் நைனா பக்கத்துல படுக்கட்டும். பொம்பளப் புள்ள இருக்குன்னு எல்லாத்தையும் அது தலையில போடுற பழக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கு, நீங்க வாய வுட்டு கேட்டாத்தான் மாறும். நீங்க தூங்குறீங்களான்னு உங்க லெட்டர்ல எங்கயும் இல்ல. ராத்திரில மனசு அடிச்சுக்கிட்டா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு மனநல உதவி லைன், தமிழ்ல பேசலாம், காசு கெடையாது.

பணத்த பத்தி நீங்க எழுதல, ஆனா கேட்டுடுறேன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கீமோவும் அதுல வரும். கார்டு இல்லன்னா வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு கவுண்டருக்கு போங்க. நகைய அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இத முடிங்க.

அப்புறம் அந்த கேரம் கிளப்பு. மூணு மாசமா ஏன் அனுப்பல? அவருக்கு ஏதாவது கிருமி தொத்திக்கும்னா, இல்ல கூட்டாளிங்க யாராவது வாய் தவறி சொல்லிடுவாங்கன்னா? ரெண்டாவதுதான்னா நைனாகிட்ட பேசிட்டா அந்த பயம் போயிடும். வெள்ள அணு எறங்குற அந்த ஒரு வாரத்த தவிர்த்துட்டு, அடுத்த கீமோவுக்கு முந்தின நாலஞ்சு நாள் அவருக்கு கொஞ்சம் தெம்பா இருக்கும், அப்ப சாயந்தரம் ஒரு அர மணி நேரம் கூட்டிட்டுப் போங்க, சளி இருமல் இருக்குறவங்கள மட்டும் தள்ளி இருக்கச் சொல்லுங்க. நடக்க முடியலன்னா போர்ட வீட்டுக்கு தூக்கிட்டு வரச் சொல்லுங்க, தண்டையார்பேட்டையில அதுக்கு ஆள் பஞ்சமே கெடையாது. பவுடர் போட்டு ஸ்ட்ரைக்கர கையில குடுத்துட்டு, எந்த விரல்ல உணர்ச்சி இருக்கு, எந்த விரல்ல இல்லன்னு அவரையே பாத்து சொல்லச் சொல்லுங்க. கட்ட விரல்லயும் இருக்கா, நுனி மட்டுமா, பாதத்துலயும் ஏறியிருக்கான்னு அவரு சொல்றத சொல்ற மாதிரியே ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. ஸ்கேன் அன்னிக்கு அந்தப் பேப்பர டாக்டர்கிட்ட நீங்க நீட்டாதீங்க, நைனா கையில குடுத்து உள்ள கூட்டிட்டுப் போங்க.